கால் எட்டியவரின் வண்டி

மனைவி வண்டி ஓட்ட, கணவன் பின்னால் அமர்ந்து போனால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? திண்டிவனத்தில் பழைய பைக் ஒன்றைப் பார்க்கப் போன அன்று இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிறவர்கள். ஸ்கூட்டரில் முதுகு நொந்தது. மழையில் பயணம் பாதியிலேயே நின்றது. ஆளுக்கொரு வண்டி வாங்கிப் புகையைப் பெருக்க மனமில்லாததால், நெடும்பயணத்துக்கான இந்தப் பைக்கைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அகன்ற இருக்கை, காற்றைத் தடுக்கும் கண்ணாடி என்று எல்லாம் பிடித்திருந்தன.

ஏறி அமர்ந்தேன். கால் கட்டைவிரல் மட்டுமே தரையை உரசியது. சாய்ந்த வண்டியை விற்பவர் ஓடிவந்து பிடித்தார்.

"இன்னா சார், வண்டி உங்கள ஓட்டும் போலக்கீதே!"

வேண்டாமென்றால் இன்னொரு மழைக்காலமும் ஸ்கூட்டர்தான். என்னைவிட உயரமான என் மனைவி, "எறங்குங்க, நான் பாக்கறேன்" என்றாள். கல்லூரி நாளிலேயே அண்ணனின் பைக்கை ஓட்டியவள். அவளுடைய இரு பாதங்களும் தரையில் அழுந்தப் பதிந்தன.

"அப்போ சார் எங்க உக்காருவாரும்மா?"

"பின்னாடிதான். சாப்பாட்டுப் பையப் புடிச்சிக்கினு வருவாரு."

குறைவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது, தலையாட்டினேன்.

பைக்கை வாங்கிக்கொண்டு திரும்புகையில் விக்கிரவாண்டியில் மழை கொட்டியது. வண்டி அசரவில்லை. பக்கத்தில் வந்த லாரியிலிருந்து ஒருவர், "சார், கெட்டியா புடிச்சிக்கோங்க!" என்று கத்தினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதி மழை வாய்க்குள் போனது.

இப்போது அவள் ஓட்டுகிறாள். நான் பின்னால் அமர்ந்து வேலைக்குப் போகிறேன்.