எட்டாவது மடிப்பு

எங்கள் ராஜபாளையம் பக்கம் பல தறிகளில் நெய்வது வேட்டியோ சேலையோ அல்ல, காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. அப்படி ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். துணியைத் தண்ணீரில் போட்டு, எத்தனை விநாடியில் நனைந்து முங்குகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஊருக்கெல்லாம் ரத்தம் நிறுத்தத் துணி அனுப்புகிறவளுக்குத் தன் ரத்தம் நிற்காது. இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வெகுநாள் ஆனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுநாள் மத்தியானம் வரை ரத்தம் வந்தது. மகள் பிறந்தபோது நடந்ததை எழுதப் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் பரிசோதனை செய்தார்கள். பிளேட்லெட் எண்ணிக்கை நார்மல், உறையும் நேரம் நார்மல். வீட்டுக்காரர் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ் ஓட்டுகிறார். அச்சடித்த தாளில் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

"நார்மல்னு போட்டிருக்கில்லா. பொறவு என்னட்டி? மனசுல பயம், அதான்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சண்டை போடுவதை விட்டுவிட்டேன். கோபத்தை விடவில்லை.

சென்ற வருடம் பித்தப்பையில் கல் என்று ராஜபாளையத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சர்ஜனும் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். மேஜையில் படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குப் பட்டது. யாரிடம் சொல்ல?

முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா விசாரிக்க வந்தார். பல் பிடுங்கியபோது ரத்தம் ரொம்பப் போனதா என்று கேட்டார்.

"கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது.

"பத்து சென்டிமீட்டர் துணி, எட்டு மடிப்பு. எட்டாவது மடிப்பு வரைக்கும் நனைஞ்சாத்தான் மாத்துவேன். மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருபத்தி மூணு துண்டு டாக்டர். எங்க கம்பெனி துணி. அது எம்புட்டுக் குடிக்கும்னு எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆபரேஷனைத் தள்ளிவைத்து என்னை மதுரைக்கு அனுப்பினார்.

அங்கிருந்து என் ரத்தம் இன்னொரு பெரிய லேபுக்குப் போய், ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிளேட்லெட்டுகள் காயத்தில் போய் ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாதாம். தம் மேல்தோலை உள்வெளியாகப் புரட்டி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை உதிர்க்க வேண்டும். அந்தத் துணுக்குகளின் மேல்தான் ரத்தம் உறைகிற வேலை மளமளவென்று நடக்கும். என்னுடையவை எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் துணுக்குகளை உதிர்ப்பதில்லை. எண்ணுகிற மெஷினுக்கு அது தெரியாது. ரொம்ப அபூர்வம் என்றார் மதுரை டாக்டர், பாராட்டுவதுபோல. தறி ஷெட்டில் நூலிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசியைக் கரித்துக்கொட்டியே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. உடம்புக்குள் அந்த மாதிரித் தூசிதான் வேலைக்காரன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபரேஷன் மதுரையிலேயே நடந்தது. யாரோ கொடுத்த பிளேட்லெட்டை முன்கூட்டியே ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் என் வயிற்றுக் கட்டைப் பிரித்து, இடுக்கியில் பிடித்துக் கூடையில் போடப் போனார். வீட்டுக்காரர் எழுந்தார்.

"செத்த நேரம் இருங்கம்மா. அதை விரிச்சுக் காட்டுங்க."

"இதைப் போய் யாராச்சும் கேப்பாகளா?" என்றபடி நர்ஸ் விரித்தார். வீட்டுக்காரர் குனிந்து, ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார்.

"எட்டுல ரெண்டுதான் நனைஞ்சிருக்குட்டி. மத்ததெல்லாம் வெள்ளை."

இத்தனை வருடத்தில் அவர் எண்ணிப் பார்த்தது அன்றைக்குத்தான். பல்லுக்கும் பிரசவத்துக்கும் அழாதவள் அப்போது அழுதேன். தையல் வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.