முதல் பக்கம் கோமதிக்கு

கோமதி இறந்த செய்தி எனக்குப் பம்பாயிலிருந்து வந்தது. அவள் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளித்தான். எங்கள் மாடிப்படியில் நின்றால் அவள் வீட்டுக் கொடியில் உலரும் புடவை என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் காலையில் பால் பூத்துக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் மகள் வித்யா பேசினாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அம்மா, கோமதி அத்தை போயிட்டாங்கம்மா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கிளம்பிட்டேன்" என்றேன். பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு நடந்தேன். கோமதியின் மகன் முருகன் விடியற்காலையில் முதலில் பம்பாய்க்குத்தான் பேசியிருக்கிறான். வாசலில் என்னைப் பார்த்ததும், "பெரியம்மா, வித்யாக்காவுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு" என்றான். தாயைப் பறிகொடுத்து நிற்கும் பிள்ளையிடம் என்ன சொல்வது? சரிதான் என்று தலையை ஆட்டினேன்.

சென்ற ஞாயிறு நம் மாதர் சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் கோமதியைப் பற்றிப் பேசினீர்கள். அன்பானவள், யார் வீட்டு விசேஷத்துக்கும் முதலில் வந்து நிற்பவள், கோபமே வராதவள் என்றீர்கள். நான் பேசவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபமே வராதவள் என்பது தவறு. பஸ் கண்டக்டர்களிடம் அவள் போட்ட சண்டை லோதி ரோடு முழுவதும் கேட்கும். மற்றதெல்லாம் உண்மை. அந்த உண்மையோடு இருபது வருடத்துக்கு மேல் பக்கத்தில் குடியிருப்பது சுலபம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் இருவரையும் சேர்த்தது ஒரு நாவலாசிரியை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம் வாழ்ந்தவர். அவர் நாவல் ஒன்றைக் கான்வென்ட்டில் ஆங்கில வாசிப்புக்குப் பரிசாக மதர் சுப்பீரியர் கையால் நான் வாங்கினேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அவருடைய மற்ற நாவல்களையும் அவரைப் பற்றி வந்த புத்தகங்களையும் கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அவர் பெயரை முழுமையாக அல்லாமல் நான் உச்சரித்ததே இல்லை. ஆனால் உங்களில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. கோமதி அவருக்கு வைத்த பெயர்தான் தெரியும்: பாஸ்டன் பெரியம்மா. வேறு வழியில்லாமல் நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

கோமதி டெல்லியில் நம் கிட்வாய் நகருக்கு வந்த வருடம் அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கணவர் தவறியபின் அவருடைய அலுவலகத்திலேயே அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தை முருகனோடும், ஊர் மாறினாலும் மாறாத திருநெல்வேலிப் பேச்சோடும் வந்தாள். முதல் நாளே என்னை "எக்கா" என்று கூப்பிட்டாள். இந்தக் காலனியில் எல்லோருக்கும் நான் மிஸஸ் ராகவன். அவளுக்கு மட்டும் எக்கா. என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு குடுங்க எக்கா, பஸ்ல போகும்போது வாசிக்கேன்" என்றாள். பரிசாக வாங்கிய பிரதியைத்தான் கொடுத்தேன். அட்டை கசங்கக்கூடாது, மூலையை மடிக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் வித்யாவுக்குப் பத்து வயது. டெல்லியில் பிறந்த குழந்தை. வெளியில் இந்தி, வீட்டில் அரைகுறைத் தமிழ். தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் அவள் உரக்க வாசிக்க வேண்டும், நான் உச்சரிப்பைத் திருத்துவேன் என்று வைத்திருந்தேன். அதே பாஸ்டன் பெரியம்மாவின் புத்தகங்களைத்தான் கொடுத்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் "ஹோ கயா" என்று மூடிவிட்டு ஓடிவிடுவாள். எங்கே ஓடுகிறாள் என்று ஒரு மாலை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கோமதி வீட்டுச் சமையலறை வாசலில், முருகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கோமதி சப்பாத்தி இட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்கு பாஸ்டன்ல என்ன நடந்துச்சு தெரியுமாட்டி?"

"ஜல்தி சொல்லுங்க அத்தை!"

"பொறு. சப்பாத்தி தீயுது பாரு. அந்த வீட்டுல பண்டிகை வந்திருச்சு. கையில காசு கிடையாது, அப்பாவும் ஊருல இல்ல. அம்மைக்காரி என்ன செஞ்சா? இருக்க மாவைப் பெசஞ்சு முறுக்கு சுட உக்காந்துட்டா."

நான் வாசலிலேயே கேட்டேன். "கோமதி, அந்தப் புத்தகத்தில் முறுக்கு எங்கே வருகிறது?"

அவள் பூரிக்கட்டையோடு திரும்பினாள். "வாங்க எக்கா. அவுக என்னமோ ஒரு பேரு போட்டிருக்காக, வாயில நொழையல. பண்டிகைக்குச் சுடுததெல்லாம் முறுக்குதான்."

வித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். என் மகள் ஒரு புத்தகத்துக்காகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது என் புத்தகம்.

அன்று முதல் கோமதி பஸ்ஸில் எத்தனை பக்கம் படித்தாளோ அத்தனை பக்கம்தான் வித்யாவின் மாலை. பஸ் தாமதமானால் கோமதிக்கு அதிகம் படிக்க முடியும் என்பதால், ரிங் ரோட்டில் நெரிசல் என்று யாராவது சொன்னால் என் மகள் சந்தோஷப்படுவாள். "அந்தப் புத்தகத்தை நானே உனக்குச் சொல்கிறேனே, எனக்கு மனப்பாடம்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "நீ சொன்னா கரெக்டா இருக்கும்மா" என்றாள். அவள் மறுத்த விதம் அது. புத்தகம் திரும்பி வந்தபோது அட்டை இல்லை. கேட்டதற்கு, "அட்டை போட்டா அலமாரிக்கு ஆகும் எக்கா, மடிக்கு ஆகாது" என்றாள். கோமதியின் வாக்கியங்களில் நான் மறுக்க நினைத்து முடியாமல் போனது இது ஒன்றுதான்.

வித்யா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகக் கடைகளுக்குப் போனோம். பழைய சஞ்சிகைக் குவியலுக்கு அடியில் பாஸ்டன் பெரியம்மாவின் வாழ்க்கை வரலாறு ஒன்று கிடந்தது. பல வருடங்களாக நான் தேடியது. கண்டெடுத்ததும் நான்தான். நடைபாதையில் புத்தகம் வாங்கினால் தாள் விட்டுப் போயிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். பாதி பார்த்திருப்பேன், கோமதி கடைக்காரரிடம், "பையா, ஜல்தி போலோ, கித்னா?" என்று தன் திருநெல்வேலி இந்தியில் விலை பேசி முடித்துவிட்டாள். என் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக உருவி, "இந்தா வித்யா, அத்தை குடுத்ததா வச்சுக்கோ" என்றாள். பேனாவால் பெயரும் எழுதிக் கொடுத்தாள். நான் எஞ்சிய பக்கங்களையாவது பார்க்கிறேன் என்று கேட்டேன். "போகட்டும்மா, ரெண்டு பக்கம் இல்லேன்னா அத்தை சொல்லிடுவாங்க" என்றாள் என் மகள்.

இரண்டு வருடத்துக்கு முன் வித்யாவின் ஆராய்ச்சி நூலாக வந்தது. பாஸ்டன் பெரியம்மாவின் நாவல்களில் வரும் வீடுகளைப் பற்றியது. பம்பாயிலிருந்து இரண்டு பிரதிகள் ஒரே கட்டாக வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று கோமதிக்கு. பிரித்ததும் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்வதானால்: "கோமதி அத்தைக்கு. இந்தக் கதைகளை நான் முதலில் கேட்டது இவரிடம்." நன்றியுரையையும் பார்த்தேன். என் பெயர் இருந்தது. நூலகத்துக்கும் தட்டச்சு செய்து கொடுத்தவருக்கும் நடுவில் இருந்தது. என் பிரதிக்கு அட்டை போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அதை நான் படிக்கவில்லை.

கோமதி படிக்க முயன்றாள். முடியவில்லை. நாவலின் ஆங்கிலம் வேறு, நாவலைப் பற்றி எழுதும் ஆங்கிலம் வேறு. சென்ற குளிர்காலத்தில், இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி அவள் வீட்டோடு இருந்தபோது, ஒரு நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புல்வெளிக்கு வந்தாள். பிற்பகல் வெயிலுக்கு நீங்கள் எல்லோரும் பாய் போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தீர்கள்.

"எக்கா, இதை எனக்கு வாசிச்சுச் சொல்லுதியளா? பிள்ள என்னமோ பெரிசா எழுதியிருக்கா. ஒண்ணும் விளங்கமாட்டேங்கு."

உங்கள் ஊசிகள் நின்றுவிட்டன. அத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். "முதல் பக்கத்துலேர்ந்து வாசிங்க" என்றாள். நான் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன். முதல் அத்தியாயமும் முதல் பக்கமும் வேறு என்று அவளுக்குத் தெரியும். ஊசியில் கண்ணி ஏற்றிக்கொண்டே நான் வாசிப்பதைக் கேட்டாள்.

இப்படியாக என் மகள் இன்னொருத்திக்குக் காணிக்கையாக்கிய புத்தகத்தை அந்த இன்னொருத்திக்கே ஒரு குளிர்காலம் முழுவதும் வாசித்தேன். ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில், பிறகு அதன் பொருள் தமிழில். நிழல் நகர நகரப் பாயும் நகர்ந்தது. நடுநடுவே கோமதி குறுக்கிடுவாள். "இது தப்புல்லா? அந்தச் சமையல்கட்டு கெழக்கப் பாத்ததுன்னு நான் சொன்னேனே, மேக்கன்னு எழுதிட்டாளே." நான் சொல்வேன்: "நீ சொன்னதுதான் தப்பு. வித்யா புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள்." நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள், அவளோடு சேர்ந்து. சரியாகச் சொன்னவள் நான். சிரிப்பு எப்போதும் அவள் பக்கம்தான்.

ஆனால் என் மகள் நன்றாக எழுதியிருந்தாள். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. ஒரு வாக்கியத்திலும் ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. அதை வாசிக்கும்போது சில இடங்களில் என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் கோமதி பின்னலைக் கீழே வைத்துவிட்டு, "எக்கா, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா வித்யாவே பேசுத மாதிரி இருக்கு. இந்தத் தோரணை உங்ககிட்டேருந்துதானே போயிருக்கு. நான் கதை மட்டும்தான் குடுத்தேன்" என்றாள். அவ்வளவு பேர் முன்னால் சொன்னாள். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, அதே சமயம் எரிச்சலாகவும் இருந்தது. இதைக்கூட அவள்தான் முதலில் சொல்ல வேண்டுமா?

கடைசி அத்தியாயத்துக்கு வந்த அன்று வெயில் சீக்கிரம் போய்விட்டது. புத்தகத்தை மூடும்போது அவள், "எக்கா, அந்த முதல் பக்கத்தை இன்னும் வாசிக்கலியே" என்றாள்.

"அதில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியுமே."

"தெரியும். உங்க வாயால கேக்கணும்."

"புத்தகம் முடியட்டும். முடித்துவிட்டு வாசிக்கிறேன்."

"சரி. நாளைக்கு வெயில் வரட்டும்" என்று சொல்லி, பின்னல் ஊசி ஒன்றை அடையாளமாக உள்ளே வைத்தாள். மறுநாளிலிருந்து பனிமூட்டம். வெயில் வரவில்லை. பனி விலகிய அன்று காலையில்தான் பம்பாயிலிருந்து தொலைபேசி வந்தது.

வித்யா அடுத்த விமானத்தில் வந்துவிட்டாள். எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுதியவள். காரியங்கள் முடிந்து, அவள் ஊருக்குப் புறப்படும் அன்று முருகன் அந்தப் புத்தகத்தை ஊசியோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். வித்யா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சு முடிச்சியாம்மா?"

"கடைசி அத்தியாயம் பாக்கி. கேட்கிறவள் போய்விட்டாள்."

"நான் கேக்கறேன்" என்றாள்.

அன்று நல்ல வெயில். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். வித்யா பாயில் என் எதிரே, கோமதி உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசித்தேன். ஓர் இடத்தில், "அமெரிக்காவில் அப்படிச் சொல்லமாட்டாங்கம்மா" என்று என் உச்சரிப்பைத் திருத்தினாள். திருத்தட்டும் என்று விட்டேன். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்தேன். "கோமதி அத்தைக்கு" என்று தொடங்கி, இரண்டு வாக்கியத்தையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். கான்வென்ட்டில் பரிசு வாங்கிய குரலில் வாசித்தேன். குரல் எங்கும் தடுக்கவில்லை. வித்யாதான் அழுதாள்.

கோமதியின் பிரதி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதற்கு அட்டை போடவில்லை. பழுப்புத் தாள் வரிசைக்கு நடுவில் அது ஒன்று மட்டும் நீல நிறத்தில், தலையில் ஊசி நீட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வருகிற நீங்கள் எல்லோரும் மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறீர்கள். எடுங்கள். அவள் இருந்தபோதும் அப்படித்தானே செய்தீர்கள்.