நெம் தேடிப் போன ஆசிப்

புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியைச் சேர்ந்த ஆசிப் உலகப் பயணி ஆனது ஒரு மிக்ஸியால். அதே ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன் அவன். அதுவரை அவன் கண்ட தூர தேசம் நாகூர். பெரியம்மா ஜஹபர் நிஷாவுக்குக் கறி அரைக்க மிக்ஸி வாங்கப் போன இடத்தில், சும்மா கொடுத்த கூப்பனில் தன் பேரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். குலுக்கலில் வியட்நாம் விழுந்தது. சைகோன் நகரம், போக வர விமானம், காலை டிபன் உட்பட.

பெரியம்மா இதைச் சட்டப்படி அணுகினார்.

"மிக்ஸி யாருதுடா?"

"உங்களுது பெரியம்மா."

"அப்ப டிக்கெட்டு?"

ஆசிப் டிக்கெட்டை எடுத்துப் பெரியம்மா முன்னால் வைத்தான்.

"நீயே போய்ட்டு வா. எனக்கு முட்டி வலி. ஆனா என் வேலைய முடிச்சிட்டுத்தான் திரும்பணும்."

அந்த வேலையின் பெயர் நெம். மெல்லிய அரிசித் தாளில் கொத்துக்கறியும் காரட்டும் சேமியாவும் வைத்து, விரல் கனத்துக்குச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அந்தச் சொல்தாக்கள் சைகோனில் இருந்து பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து சேர்த்த பலகாரம் இது. அப்படியொரு வீட்டில் சமையலுக்கு இருந்தபோது, வீட்டுக்கார மதாமிடம் நிஷா கற்றுக்கொண்டார். பிறகு தள்ளுவண்டி போட்டு விற்றார். இப்போது காமராஜர் சாலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடையும் பிடித்தாகிவிட்டது. ஆசிப் திரும்பி வந்ததும் வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. பெயர்கூட முடிவாகிவிட்டது: ஒரிஜினல் சைகோன் நெம்.

எதிரே பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் கலியபெருமாளுக்கு மட்டும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. போகிற வருகிறவர்களிடம் அதை அவர் மறைக்கவும் இல்லை. "அது சமோசா தாங்க. நீட்டிப் படுக்க வச்சிருக்காங்க, அவ்ளோதான்."

"சைகோன்ல நீ நெம் துன்ற மாதிரி ஒரே ஒரு போட்டோ," என்றார் பெரியம்மா. "அத போர்டுல பெருசா போட்டுடறேன். அப்புறம் அந்த ஆளு எப்படி வாயத் தொறக்கறாருன்னு பாக்கறேன். போட்டோ இல்லாம வந்த, போர்டும் இல்ல, எனக்கு மானமும் இல்ல."

ஒரு குடும்பத்தின் மானத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆசிப் விமானம் ஏறினான்.

சைகோனில் அவனை வரவேற்ற முதல் அதிசயம் சாலை. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் நீந்திப் பழகியவன் என்ற தைரியத்தில் இறங்கினான். உடனே நடைபாதைக்கே திரும்பி ஏறினான். மோட்டார் சைக்கிள்கள் ஆறாக ஓடிக்கொண்டிருந்தன. நிற்கிற உத்தேசம் எதற்கும் இல்லை. வழிகாட்டியாக வந்த லின் என்ற பெண், "மெல்ல நட, நிற்காதே, ஓடாதே" என்று சொல்லிக் கையைப் பிடித்து அக்கரை சேர்த்தாள். லின்னுக்கும் ஆங்கிலம் தெரியும், ஆசிப்புக்கும் ஆங்கிலம் தெரியும். இரண்டு ஆங்கிலமும் ஒன்றையொன்று பார்த்து மரியாதையாக ஒதுங்கிக்கொண்டதால் பெரும்பாலும் கைதான் பேசியது.

பார்க்க வேண்டியதையெல்லாம் அவன் விடாமல் பார்த்தான். பெரிய தபால் நிலையத்துக்கு மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல். நம்மூர்க் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் பெங்களூர்க்காரர்கள் மஞ்சள் சுவரைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பதைப் பார்த்து வருடக்கணக்காகச் சிரித்தவன் ஆசிப். இங்கே அவனே சுவரில் சாய்ந்து, காலை மடித்து வைத்து, எங்கேயோ பார்த்தான். பக்கத்தில் மாதா கோயிலில் மராமத்து வேலை நடந்தது. சுற்றிலும் சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தில் இருந்து கிளம்பிக் கடல் தாண்டி வந்தவனுக்குச் சைகோனும் சாரத்தையே காட்டியது.

காபிக் கடையில் கண்ணாடித் தம்ளரின் தலையில் மூடி போட்ட ஒரு குட்டித் தகர டபராவை உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து காபி சொட்டியது. ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும். மற்றவர்கள் அதற்குள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருக்க, ஆசிப் மூடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொழில் தர்மம். திருகு இல்லாமல் சும்மா உட்காரும் மூடி. அவனுக்கு அது பிடிக்கவில்லை. அடியில் கிடந்த டின் பாலோடு கலக்கி ஐஸில் ஊற்றிக் குடித்த காபியோ மிகவும் பிடித்தது.

எது ஹலால் என்று தெரியாததால் வயிற்றுக்கு ரொட்டி, முட்டை, பழம். ரொட்டி நம்மூர் பேக்கரியில் கிடைக்கிற அதே நீள ரொட்டிதான். டிராகன் பழம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உடுத்திக்கொண்டு, உள்ளே தண்ணீர் ருசியோடு இருந்தது.

கடைசியில் சந்தைக்குப் போனான். கடைக்காரம்மாவிடம் பக்தியோடு கேட்டான்: "நெம்?"

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. வாழையிலையில் கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொழுக்கட்டை மாதிரி இருந்தது. எண்ணெயும் இல்லை, சுருளும் இல்லை. மூலஸ்தானத்தில் இப்படித்தான் இருக்கும்போல என்று ஆசிப் நினைத்துக்கொண்டான். போனை லின்னிடம் கொடுத்தான். இலையைப் பிரித்தான். உள்ளே ரோஜா நிறத்தில் ஏதோ இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சிரித்தான்.

லின் கடமை தவறாத வழிகாட்டி. போனை உயர்த்திப் பிடித்தபடியே தகவலும் சொன்னாள். "பன்றி. பச்சையாகப் புளிக்க வைத்தது." சொல்லி முடித்ததும் விரல் பட்டனை அழுத்திவிட்டது.

பொட்டலம் மரியாதையாகக் கடைக்கே திரும்பியது. பிறகுதான் விஷயம் விளங்கியது. நெம் என்று பொரித்த சுருளைச் சொல்வது வடக்கு வியட்நாமில். சைகோனில் அதற்குப் பேர் சா யோ. சைகோனில் நெம் என்று கேட்டால் வருவது இந்தப் பொட்டலம்தான். பள்ளிவாசல் பக்கத்து இந்திய ஓட்டல் ஒன்றில் இறால் வைத்த சா யோவைக் கீரை தழையில் சுற்றித் தின்றான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரியம்மா கைப்பக்குவம் இல்லை. அங்கேயும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது பெரியம்மா மட்டும் இல்லை, ஒரு தட்டு பஜ்ஜியோடு கலியபெருமாளும் தற்செயலாக அங்கே இருந்தார். ஆசிப் ஓட்டல் போட்டோவை நீட்டினான். கலியபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"பின்னாடி செவுத்துல மட்டன் பிரியாணி, சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ்னு எழுதியிருக்கு. இதோ பக்கத்துல இருக்கற கோட்டக்குப்பத்துல எடுத்தியா தம்பி?"

பெரியம்மா போனைப் பிடுங்கித் தள்ளிப் பார்த்தார். அடுத்த போட்டோவில் விரல் நின்றது. கையில் இலைப் பொட்டலம். அதற்கு மேலே ஆசிப்பின் முகம். வாய் பாதி சிரிப்பில் இருந்தது, கண்கள் வெளியே குதிக்கப் பார்த்தன.

"இது இன்னாடா மூஞ்சி? பேயப் பாத்தியா?"

மறைக்க முடியாமல் ஆசிப் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லப் பெரியம்மாவின் முகத்தில் கடை மூடிக்கொண்டே போனது. கலியபெருமாளுக்கோ தொப்பை குலுங்கியது.

"அப்போ சைகோனுக்கே போனாலும் உன் நெம்மு கெடைக்காதுன்னு சொல்லு நிஷாம்மா!"

"இன்னான்ணே சொன்னீங்க?"

"சைகோனுக்கே போனாலும் கெடைக்காதுன்னேன்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

கலியபெருமாள் சொன்னார். சொல்லும்போதே ஏதோ தப்பு செய்கிறோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை போர்டு ஏறியது. ஒரு பக்கம் ஆசிப்பின் அந்த முகம், ஆள் உயரத்துக்கு. மறுபக்கம் கொட்டை எழுத்தில்: சைகோன் போனாலும் கிடைக்காது! ஒரிஜினல் பாண்டிச்சேரி நெம்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதால் கலியபெருமாளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. வாசகம் தன்னுடையது என்று மட்டும் இப்போது போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர்க்காரர்கள் மஞ்சள் சுவர்களை விட்டுவிட்டு இங்கே வருகிறார்கள். போர்டுக்குக் கீழே கையில் நெம்மோடு நின்று, அந்த முகத்தை வரவழைக்கப் பார்க்கிறார்கள். போட்டோ எடுத்துக் கொடுப்பவன் ஆசிப். ஒருவருக்கும் சரியாக வருவதில்லை.

"அது அவ்ளோ சுலபமா வராதுங்க," என்பான் அவன், போனைத் திருப்பிக் கொடுத்தபடி. "சைகோன் போவணும்."