தர்மினிக்குப் போர்த்திய பொன்னாடை

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் நகைக்கடை வைத்திருந்த சற்குணநாதன் அண்ணைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்றால் உயிர். விசா இல்லாமலே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தர்மினிக்கு அவர் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார். கொடுத்ததை ஊர் அறிய வேண்டாமா? பொன்னாடை போர்த்திப் படமும் எடுத்தார்.

"என்ரை படத்தை மட்டும் வெளியிலை போடாதேங்கோ அங்கிள். இன்னும் ஒரு வருசப் படிப்புக் கிடக்கு" என்றாள் தர்மினி.

"படம் இல்லாமல் ஒரு பாராட்டோ, பிள்ளை? எங்கடை சனந்தானே பாக்கப்போகுது."

அடுத்த கிழமை ரூ பஜோல் தெருவின் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் சுவரொட்டியில் தர்மினி சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அண்ணையும். கீழே, 'விசா இன்றியே சாதிக்கும் மாணவி' என்ற வரி. தமிழ் வாசிக்கத் தெரியாத எங்கள் பிள்ளைகளும் படித்து முன்னேறட்டும் என்று, அதையே பிரெஞ்சிலும் பெரிதாகப் போட்டிருந்தார் அண்ணை.

பிள்ளைகள் ஒருவரும் வாசிக்கவில்லை. ரோந்து வந்த பொலிஸ்காரர்கள் ஆறுதலாக நின்று வாசித்தார்கள். படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மெத்ரோ ரயில் நிலைய வாசலில் அவளை அடையாளம் காண அவர்கள் சிரமப்படவில்லை.

அவளைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிய அன்று அண்ணை மனமுடைந்துபோனார். கையோடு 'கண்ணீர்ப் பிரியாவிடை' என்று புதுச் சுவரொட்டி அடித்தார். அவளுக்கு அதே படந்தான். தன்னுடையதை மட்டும் சற்றுப் பெரிதாக்கினார்.