பசியடக்கும் வில்லைகள்

மில்லில் நூல் சுற்றும் பகுதியில், கமலவேணிக்கு இரண்டு பேர் நிற்கும் இடம் வேண்டும் என்று கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு போட்ட சதை இறங்கவே இல்லை. கணவன் கிருஷ்ணசாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கடைத்தெருவுக்குப் போனால் வேறு யாருடனோ வந்தவன் போல முன்னால் நடந்துவிடுவான். அதுதான் அவளுக்கு வலித்தது.

1958இல், பக்கத்தில் நின்று வேலை செய்த சந்திரகலா அவளுக்கு ஒரு பொட்டலம் வில்லை கொடுத்தாள். சந்திரகலாவின் அண்ணன் நாராயணசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து திரும்பியவர். சீமைப் பெண்கள் இளைப்பதற்குச் சாப்பிடும் மருந்து என்று தங்கைக்கு வாங்கி வந்திருந்தார். தீரத் தீர, கப்பலில் வரும் சிநேகிதரிடம் சொல்லி வரவழைத்தும் கொடுத்தார்.

"காலையில ஒண்ணு முழுங்கு. வயிறு சோறே கேக்காதுடி."

கேட்கவில்லைதான். மத்தியானச் சோறு தூக்கோடு அப்படியே வீடு திரும்பியது. கைகால்களில் ஒரு வேகம் வந்தது. ஆடி பிறப்பதற்குள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணசாமி கூடவே நடந்தான். அந்த நாட்களில் இருந்த சந்தோஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று பிற்காலத்திலும் மறைக்காமல் சொல்வாள்.

பிறகு தூக்கம் போனது. விரல் நடுங்கி நூல் அறுந்தது. ஒன்று போதாமல் இரண்டாக விழுங்கினாள். தண்ணீரைக் கொட்டியதற்காகச் சின்ன மகளை அடித்த அடியில் குழந்தையின் காது வீங்கியது. அன்று மாலையே நெஞ்சு படபடவென்று அடித்து, தெருக்குழாயடியில் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வில்லையை வாங்கிப் பார்த்தார்.

"இது கொழுப்பைக் கரைக்கலம்மா. பசியைத்தான் அமுக்குது. நெஞ்சை ஓயவிடாம ஓட்டுது. நிறுத்தினா எடை ஏறும். ஏறட்டும். இனிமே தொடாதே."

நிறுத்தினாள். சில வாரம் காரணமில்லாமல் அழுதாள், பகலெல்லாம் தூங்கினாள். உடம்பு பழையபடி பருத்தது. எழுந்து நடமாட முடிந்ததும் சந்திரகலாவைத் தேடிப் போனாள்.

"டாக்டர் சொன்னது உனக்கும்தான்டி. வுட்டுடு."

"உனக்கு ஒத்துக்கல. என்னைப் பாரு, எனக்கு ஒண்ணும் பண்ணல."

அதோடு சந்திரகலா பேச்சை நிறுத்திக்கொண்டாள். மறு வருஷம் கோடையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே சரிந்தாள். மில் வாசலுக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போயிருந்தது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்த நாராயணசாமி, கமலவேணியைக் கண்டதும் கேட்டார்.

"நல்லாத்தானம்மா இருந்தா. என்ன ஆச்சு அவளுக்கு?"

சும்மா இருந்திருக்கலாம். கமலவேணியால் முடியவில்லை.

"அண்ணே, நீங்க ஆசையாத்தான் வாங்கியாந்தீங்க. ஆனா அந்த வில்லைதான்னு நான் நெனைக்கிறேன். என்னையும் ஆஸ்பத்திரில படுக்க வெச்சுது. மிச்சமிருந்தா யாருக்கும் குடுக்காதீங்க."

அவர் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தன் மனைவி வீராயியையே பார்த்தார். சேலைக்கு மேல் அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் போய்க் கையை நீட்டினார்.

"எங்க அது?"

வீராயி தலையைக் குனிந்தபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவு வீட்டுக்கும் வில்லையைக் கொண்டுவந்திருந்தாள்.

வீராயிக்குச் சரியாகப் பசிக்க வெகுநாளானது. அதுவரை மில் விட்டதும் கமலவேணி அவள் வீட்டுக்குப் போய், எதிரில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடித்த பிறகே தன் வீட்டுக்குப் புறப்படுவாள்.