ஜன்னல் கம்பியில் ஒரு கை

கனடாவிலிருந்து வந்த மூன்றாம் நாள், கைக்குழந்தையுடன் கும்பகோணத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். நிற்கவே இடமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, தலையை மூடி வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அம்மா ஒருவர், "இப்படிக் குடுங்க" என்று என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கனடாவில் பக்கத்து வீட்டுக்காரர்கூட என்னைக் கேட்காமல் அவளைத் தொட்டதில்லை.

கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. பயத்தில், அடையாளத்துக்கு இருக்கட்டுமென்று, தலைகளுக்கு மேலே போனை உயர்த்தி அவரைப் படமெடுத்தேன்.

பாபநாசத்தில் பாதி பஸ் இறங்கியது. எழுந்து நின்றவர்கள் அவரை மறைத்தார்கள். "என் புள்ள!" என்று கத்திக்கொண்டு நான் முண்டியடித்து முன்னால் வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அவர் அங்கேயேதான் இருந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"பாபநாசத்துல எறங்க வேண்டியவ நான். ஐயம்பேட்டையில எறங்கித் திரும்பிப் போயிக்கிறேன்."

"பக்கத்துல யாருகிட்டயாவது குடுத்துட்டு எறங்கியிருக்கலாமேம்மா?"

முறைத்தார். "நல்லா சொன்னீங்க தம்பி! முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட புள்ளையக் குடுத்துட்டு எறங்குவாங்களா?"

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அதில் அவர் முகம் விழவில்லை. மகளின் தலை இடிக்காமலிருக்க ஜன்னல் கம்பியைப் பொத்தியிருந்த கை மட்டும் தெரிகிறது.