செவ்வாய் இரவா, புதன் காலையா?

குழந்தைகளே, மெயில் பார்ப்பதற்குத் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு நான் சைக்கிளில் போய் வந்த காலத்தில் நடந்தது இது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. முளைகட்டிய விதைநெல் மூட்டையோடு வரப்பில் நிற்கிறேன், நிலத்துக்காரரின் பங்காளி விதைக்க விடவில்லை.

என் அப்பா கூலிக்கு இறங்கிய வயல் அது. நான் குத்தகைக்கு எடுத்திருந்தேன். நிலத்துக்காரர் அமெரிக்காவில் இருந்தார். அவருடைய பங்காளி, அந்த நிலத்தில் மனை போட்டு விற்றுத் தருவதாகச் சொல்லி அவரிடம் நிலத்தைக் கேட்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் நானும் மெயில் அனுப்பினேன். ‘இந்த வருஷமும் நீங்களே சாகுபடி செய்யுங்கள்’ என்று பதில் வந்தது. அச்செடுத்துக்கொண்டு வயலுக்குப் போனால், பங்காளி கையிலும் ஒரு தாள். நிலத்தை அவரிடம் ஒப்படைப்பதாக அதே மனிதர் எழுதியிருக்கிறார்.

ஃபோனில் அவர் கிடைக்கவில்லை, பயணத்தில் இருந்தாராம். பஞ்சாயத்துத் தலைவர் இரண்டு தாளையும் பார்த்தார். என்னுடையதில் செவ்வாய் இரவு பத்து மணி. பங்காளியுடையதில் புதன் காலை ஏழு மணி.

“ராத்திரி ஒண்ணு நெனச்சாரு, விடிஞ்சதும் மாத்திக்கிட்டாரு. கடைசியாச் சொன்னதுதானப்பா செல்லும். மூட்டையத் தூக்கு,” என்றார் தலைவர்.

குனிந்து மூட்டையில் கை வைத்தேன்.

“கொஞ்சம் இருப்பா,” என்றார் பங்காளி. சென்னையில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். என் தாளை வாங்கிப் பார்த்தார். “இதுல நேரத்துக்குப் பக்கத்துல மைனஸ் ஏழு மணின்னு போட்டிருக்கு. இது அமெரிக்கா மணிங்க. நம்ம கணக்குக்குப் புதன் காலை பத்தரை. என் தாள்ல இருக்குற ஏழு மணி நம்ம ஊர் மணி. எனக்கு எழுதினப்புறம்தான் இவருக்கு எழுதியிருக்காரு.”

சில கம்ப்யூட்டர் மெயிலை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டுமாம், சில அனுப்பியவர் ஊர் நேரத்தையே காட்டுமாம். அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“வாய மூடிக்கிட்டு இருந்தா நிலம் உங்க கைக்கு வந்திருக்குமே, விவரம் தெரியாத ஆளா இருக்கீங்களே,” என்று தலைவர் கிண்டலடித்தார்.

“தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தா சோறு எறங்குமாங்க?” என்று சொல்லிவிட்டு, தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பங்காளி நடந்துவிட்டார்.

அன்று மதியமே விதைத்தோம். வரப்பில் நின்றவர்களில் அந்த மைனஸ் ஏழைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போன அந்த மனசு எனக்கு இருக்குமா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.